சென்னையில் வீடு தேடுகிறவர்களுக்கு: ஐந்து பேட்டைகளில் குடியிருந்து தெரிந்துகொண்டவை

இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையில் இருக்கிறேன். திருவல்லிக்கேணி, பெரம்பூர், மயிலாப்பூர், வேளச்சேரி, குரோம்பேட்டை என்று ஐந்து இடங்களில் குடியிருந்தாயிற்று. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உறவினர் யாராவது அழைத்து, "தம்பிக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது, எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?" என்று கேட்டால் நான் இடத்தின் பெயரைச் சொல்வதில்லை. "வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைத் தண்ணீர் எங்கே போகிறது, இந்த இரண்டையும் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லுங்கள்" என்பேன். வாடகை கொஞ்சம் கூடுதலாகப் போனால் சமாளித்துக்கொள்ளலாம். தண்ணீர் விஷயத்தில் தவறினால் விடியும் ஒவ்வொரு நாளும் கஷ்டம்தான்.

முதல் படி: வந்தவுடன் வீடு எடுக்காதீர்கள்

முதல் இரண்டு மூன்று மாதம் ஓர் அறையிலோ விடுதியிலோ தங்குங்கள். நான் 2004 ஜூன் மாதம் எழும்பூரில் இறங்கி நேராகத் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றுக்குத்தான் போனேன். ஓர் அறையில் மூன்று கட்டில்கள், சுவரில் ஆணி அடித்து இழுத்துக் கட்டிய துணிக்கொடி, நடைவழியின் கோடியில் பொதுக் குளியலறை. வேலை தேடி வருகிற வெளியூர் ஆண்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இந்தத் தெருக்கள்தான் இடம் கொடுத்திருக்கின்றன. பெரிய அட்வான்ஸ் கேட்கமாட்டார்கள். மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு கிடைக்கும். பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள். பத்து நிமிடம் நடந்தால் மெரினா. பார்த்தசாரதி கோயிலுக்கும் 1795-இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசலுக்கும் இடையில் ஒரு ஊரே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறது. முதல் சம்பளம் வரும்வரை தனிமை தெரியாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல இடத்தை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

நான் வந்தது வறட்சி முற்றியிருந்த நேரம். வீராணம் ஏரித் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்ததும் அந்த ஆண்டில்தான். எங்கள் மேன்ஷனில் காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறப்பார்கள், ஆறரைக்கு மூடுவார்கள். ஆளுக்கு இரண்டு வாளி. தாமிரபரணியில் முங்கிக் குளித்து வளர்ந்தவனுக்கு அந்த இரண்டு வாளிக் கணக்கு பழகச் சில வாரங்கள் ஆயின. ஆனால் இந்த நகரத்தில் எதை முதலில் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது அந்த அரை மணி நேரம்தான்.

பெண்களுக்கு மேன்ஷன் வழி இல்லை. தனியார் மகளிர் விடுதிகள் எல்லாப் பகுதியிலும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளையும் முதலில் விசாரியுங்கள். சென்னைப் பகுதியில் அடையாறிலும் தாம்பரத்திலும் இருக்கின்றன. தனியார் விடுதியானால் பகலில் போய்ப் பார்த்ததோடு நிறுத்தாமல், இரவு எட்டு மணிக்கு மேல் பஸ் நிறுத்தத்திலிருந்து விடுதி வரை ஒருமுறை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும்.

இரண்டாம் படி: ரயில் பாதையை மனப்பாடம் செய்யுங்கள்

சென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில் பயனில்லை. தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் வருகிறவர், நடுவில் இருக்கும் வடபழனியிலிருந்து சாலை வழியாக வருகிறவரைவிடச் சில நாட்களில் நிம்மதியாக வந்து சேர்வார். கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஒரு பாதை. இதில் தாம்பரம் வரையிலான பகுதியில் 1931-இலிருந்தே மின்சார ரயில் ஓடுகிறது. சென்ட்ரலிலிருந்து பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணத்துக்கு ஒன்று. கும்மிடிப்பூண்டிக்கு ஒன்று. கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். இவற்றோடு 2015-இல் தொடங்கிய மெட்ரோ: விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஒன்று, சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை வரை ஒன்று.

அலுவலகம் எந்தப் பாதையில் இருக்கிறதோ அந்தப் பாதையிலேயே, நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடக்கும் தூரத்தில் வீடு பாருங்கள். ஒருமுறை மாறி ஏறலாம், இருமுறை வேண்டாம். பஸ்ஸை நம்புகிறவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஆயிரம் ரூபாய் மாதப் பயணச் சீட்டு நல்ல துணை. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு செய்தி. ஊருக்குப் போகும் பஸ்கள் இப்போது கோயம்பேட்டில் இல்லை. தாம்பரத்துக்கும் தெற்கே, 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டன. மாதாமாதம் ஊருக்குப் போகிறவர் வடசென்னையில் வீடு எடுப்பதற்கு முன் இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: தரையைப் படியுங்கள்

இந்தப் படியில் நான் தவறினேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2013-இல் வேளச்சேரிக்குக் குடிபோனோம். பறக்கும் ரயில் பக்கம், தரமணி பக்கம், அகலமான சாலைகள், குழந்தைக்குப் பள்ளி. தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை வீடு. வீட்டைக் காட்டியவர் "இங்கே தண்ணீர் நிற்காது" என்றார், நம்பினோம். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு, தெருவிலிருந்து தண்ணீர் வருவதற்கு முன்பே குளியலறைச் சாக்கடைத் துளையிலிருந்து கொப்பளித்து வந்தது. ஒரு மணி நேரத்தில் முழங்கால் அளவு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். அதுவரை நாங்கள் அதிகம் பேசியிராத மாடி வீட்டு அம்மாள் மூன்று நாள் எங்களுக்குச் சோறு போட்டார். என் மனைவியின் சான்றிதழ்கள், அவள் அம்மா தைத்துக் கொடுத்த பழைய புடவை மெத்தை எல்லாம் சேற்றோடு போயின.

அதற்குப் பிறகுதான் அந்த நிலத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கம் வேளச்சேரி ஏரி, மறு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளிலிருந்து வழியும் தண்ணீர் அந்தச் சதுப்பு நிலத்துக்குத்தான் வந்து சேர வேண்டும். அது போகும் வழியில்தான் நாங்கள் குடியிருந்தோம். தியாகராய நகரே நீண்ட ஏரி ஒன்றின் மேல் எழுந்ததுதான். வள்ளுவர் கோட்டம் நிற்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரியின் இடம். 'தாங்கல்' என்றால் சிறிய ஏரி. தெருப் பெயரிலோ நகர்ப் பெயரிலோ ஏரி, குளம், தாங்கல் என்று எது இருந்தாலும் ஒரு நிமிடம் நின்று விசாரியுங்கள்.

யாரிடம் விசாரிப்பது? வீட்டுக்காரரிடம் அல்ல, தரகரிடமும் அல்ல. தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்த்துக் கொடுப்பவரிடம் கேளுங்கள். பல ஆண்டுகளாக ஒரே மரத்தடியில் நிற்பவர் அவர். "அண்ணே, 2015-இல் இங்கே எவ்வளவு தண்ணீர்? 2023-இல் மிக்ஜாம் புயலுக்கு எவ்வளவு?" என்று இரண்டு ஆண்டுகளையும் சொல்லிக் கேளுங்கள். "மழைக்குத் தண்ணீர் வருமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆண்டைச் சொன்னால் கையால் தொடையைத் தொட்டோ இடுப்பைத் தொட்டோ காட்டுவார்.

பிறகு சாலையில் நின்று வீட்டைப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்து, பழைய வீடுகள் பள்ளத்தில் போய்விட்ட தெருக்கள் இங்கே ஏராளம். வாசலில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும் என்றால் தரைத்தளம் வேண்டாம். மின்சார மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, மதிற்சுவரில் பழைய நீர்க்கறைக் கோடு தெரிகிறதா என்பதையும் பாருங்கள். முடிந்தால் அக்டோபர், நவம்பரில் நல்ல மழை பெய்த மறுநாள் வீடு பார்க்கப் போங்கள். அந்த ஒரு நாளில் தெரிவது ஏப்ரல் மாதம் பத்து முறை போனாலும் தெரியாது.

வேளச்சேரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் அங்குள்ளவர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்திவைத்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். இத்தனைக்கும் பிறகு அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள் என்றால், ரயிலும் வேலையும் பள்ளியும் அவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. போகிறவர்கள் முதல் மாடிக்கு மேல் போங்கள்.

நான்காம் படி: குழாயைத் திறந்து பாருங்கள்

வீட்டைப் பார்க்கப் போகும்போது எல்லோரும் அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள். நீங்கள் குழாயைத் திறங்கள். ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். குழாயின் வாயிலும் குளியலறைத் தரையிலும் வெள்ளைப் படலம் படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அடுத்து மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர், வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த நேரத்தில் என்று கேளுங்கள். அது வாசலில் இருக்கும் அடிபம்பில் மட்டும் வருகிறதா, கீழ்த்தொட்டியில் விழுந்து மோட்டாரில் மேலே ஏறுகிறதா என்பது அடுத்த கேள்வி. அடிபம்பு என்றால் யாராவது ஒருவர் அதிகாலையில் எழுந்து அடித்துக் குடம் சுமக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் வீட்டுப் பெண்ணாகவே இருக்கிறார். எனவே இந்தக் கேள்வியை வீட்டு ஆண்களே முன்வந்து கேட்க வேண்டும்.

2019 கோடையில் நாங்கள் குரோம்பேட்டையில் இருந்தோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்த கோடை அது. எங்கள் போர் குழாய் மே மாதமே காற்றைத் துப்பத் தொடங்கிவிட்டது. லாரித் தண்ணீருக்குச் சொல்லிவைத்து நாள்கணக்கில் காத்திருந்தோம். அடுக்குமாடி வீடானால், கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவு பராமரிப்புக் கட்டணத்தோடு சேருமா, தனியாக வாங்குவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வாடகையை மட்டும் கணக்குப் பார்த்து வந்தவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். குடிப்பதற்கு இருபது லிட்டர் கேன் எல்லா இடத்திலும் கிடைக்கும். மாடியாக இருந்தால் ஏற்றித் தருவார்களா என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: வடக்கைத் தள்ளிவைக்காதீர்கள்

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு "நார்த் மெட்ராஸ் வேண்டாம்" என்று சொல்லிக்கொடுப்பதற்கு எப்போதும் யாராவது இருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். 2006-இல் பெரம்பூருக்குப் போனது வாடகை குறைவு என்பதற்காகத்தான். நான்கு ஆண்டுகள் இருந்தேன். குடியிருந்த ஐந்து இடங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது அதுதான்.

பெரம்பூர் உழைப்பாளிகளின் ஊர். பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918-இல் இங்கே தொடங்கிய சென்னைத் தொழிற்சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. திரு.வி.க. அதில் முன்னின்றார். அந்த ஆலை 1996-இல் மூடப்பட்டது. 1955-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை இன்னும் ஓடுகிறது. முதல் வந்தே பாரத் ரயில் 2018-இல் அங்கேதான் உருவானது. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் திரும்புகிறவர்களும், தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும், லூர்து மாதா கோயில் திருவிழாவும், சாயங்கால பிரியாணிக் கடைகளும் சேர்ந்த ஊர். நான் அங்கே போன இரண்டாம் மாதம் காய்ச்சலில் விழுந்தபோது, பக்கத்துப் போர்ஷனில் இருந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர் என்னை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், இரவு முழுவதும் உடன் உட்கார்ந்திருந்தார். என் பெயர்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது, "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

வசதியும் குறைவில்லை. பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்று அடுத்தடுத்து மூன்று நிலையங்கள். கோவை, பெங்களூரு பக்கம் போகும் விரைவு ரயில்கள் பலவும் பெரம்பூரில் நிற்கின்றன. 29சி பஸ்ஸில் ஏறினால் நகரத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு பெசன்ட் நகர் வரை போகலாம். மாதவரத்திலிருந்து வரும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதையும் பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம் வழியாகத்தான் போகிறது. அந்த வேலைக்காகத் தெருக்கள் தோண்டிக் கிடக்கின்றன, எனவே நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு இப்போது எந்த வழியாகப் போய்வர வேண்டும் என்று நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்கு இங்கேயும் பள்ளங்கள் உண்டு. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பினால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஓட்டேரி நல்லா என்ற கால்வாயை ஒட்டிய தெருக்களில் மேலே சொன்ன இஸ்திரிக்காரர் விசாரணை கட்டாயம்.

ஆறாம் படி: உங்களைக் கேட்கப்போகும் கேள்விகள்

இதைப் புதிதாக வருகிற யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் விடுவது தவறு என்று நினைக்கிறேன். "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்பது முதல் கேள்வி. இல்லை என்றால் பல கதவுகள் அங்கேயே மூடிக்கொள்ளும். "சைவமா?" என்பது அடுத்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் சாதியும் மதமும் நிற்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். மயிலாப்பூரில் 2010-இல் நான் வீடு தேடியபோது, உடன் வந்த இஸ்லாமிய நண்பன் அவன் பெயரைச் சொன்ன பிறகு, அதுவரை காலியாக இருந்த மூன்று வீடுகள் ஒரே நாளில் "நேற்றே பேசி முடித்துவிட்டோம்" ஆகிவிட்டன. பிறகு எனக்கு வீடு கிடைத்தது. அவன் திருவல்லிக்கேணிக்கே திரும்பிப் போனான். அந்த நாள் இன்றும் எனக்கு வலிக்கிறது.

மயிலாப்பூர் அழகான இடம். மாட வீதிக் காய்கறிக் கடைகள், நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் குவியும் கொலு பொம்மைகள், பங்குனி அறுபத்து மூவர் அன்று தெருவெங்கும் மோர்ப் பந்தல். நாங்கள் இருந்த முற்றம் வைத்த பழைய வீட்டின் கிணற்றில் ஆண்டு முழுவதும் தண்ணீர் இருந்தது. ஆனால் அந்தக் கதவுகள் எல்லோருக்கும் திறப்பதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். மறுக்கப்பட்டால் அது உங்கள் குறை அல்ல. தரகரிடம் முதல் தொலைபேசி அழைப்பிலேயே "நாங்கள் இன்னார், அசைவம் சமைப்போம், இரண்டு பேர் தங்குவோம்" என்று சொல்லிவிடுங்கள். அலைச்சல் குறையும்.

ஏழாம் படி: பணமும் காகிதமும்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். இப்போது பலர் குறைத்துக் கேட்கிறார்கள், பேசினால் இன்னும் குறையும். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. வீட்டுக்குள் வருவதென்றால் ஒரு நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இவற்றை வீட்டுக்காரரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். தெரிந்து வைத்திருங்கள், பேச்சு தானாகவே மாறும்.

மின்சாரத்துக்குத் தனி இணைப்பா, சப் மீட்டரா என்று கேளுங்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதக் கணக்கில் முதல் நூறு யூனிட் இலவசம் உங்களுக்கே கிடைக்கும். சப் மீட்டர் வீட்டில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்ததுதான் கணக்கு. தரகருக்குப் பெரும்பாலும் ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது வெள்ளை அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பதும் இங்கே வழக்கம். அந்தத் தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சாவி வாங்கும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.

எட்டாம் படி: குடியேறும் வாரம்

கட்டில், மேசை, பீரோ எல்லாம் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் காலையிலேயே போங்கள். பழைய மர நாற்காலி முதல் மின்விசிறி வரை கிடைக்கும். மின்பொருளானால் அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அங்கே வாங்கியதுதான்.

முகவரி எழுதும்போது பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். பல தெருக்களில் இரண்டு எண்களும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எழுதினால் கூரியர்காரர் தெருவின் அடுத்த கோடியில் நின்றுகொண்டு உங்களை அழைப்பார்.

பால் காய்ச்சும் நாளில் பக்கத்து வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரு டம்ளர் பால் கொண்டுபோய்க் கொடுங்கள். வேளச்சேரியில் நாங்கள் இதைச் செய்யவில்லை. குரோம்பேட்டையில் செய்தோம். எதிர்வீட்டு அக்கா டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போதே, குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஐந்தரைக்கு வரும், மோட்டாரை முதலில் போடுகிறவர் மற்ற வீடுகளுக்கும் குரல் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.